கார் ஷெட்டில் சாமியார்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தையல் மிஷின் மிதிக்கும்போது முழங்கால் மட்டும் என்னைவிட அதிகம் பேசுகிறது. உன் தும்மல் நின்றதா?

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் கடையில் போன் அடித்தாலே, அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் "சாமியா? குடுங்க, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்று கை நீட்டுகிறார்கள். அவர்கள் பேசி முடித்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள்.

செய்தி வந்தது. உனக்கு அந்தப் பெரிய கோவில். பெரிய தெரு. பெரிய வீடு. சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். குருக்கள் மாளிகைகளில் வாழக் கூடாது என்று போன வருடம் குருக்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாயே, மறைமாவட்டப் பத்திரிகையில் வந்த அந்தப் பேச்சை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயரும் அதைப் படித்துவிட்டுத்தான் உன்னை அந்த மாளிகைக்கு மாற்றியிருப்பார். குறும்புக்கார மனிதர்.

அதில் எனக்குப் பிடித்த வரி: "குருவின் வீடு, குருவின் உறவினர்களுக்குச் சத்திரம் அல்ல." வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இறந்ததை எழுதியிருந்தேன் அல்லவா. அவர் மகன் நேற்று அளவு நாடாவோடு வந்தார். சுவரிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து தெருவுக்கு. இந்த வீட்டில் இத்தனை வருடமாக அளவெடுத்தது நான் ஒருத்திதான். என்ன கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். "இப்போதைக்கு இடிக்கத்தான் போறோம்" என்றார். மரியாதையான பையன்தான்.

அது கிடக்கட்டும். உன் வீட்டுக்கு எத்தனை ஜன்னல்? உயரம், அகலம் எழுது. திரை தைத்துத் தருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

இறையாசி. தும்மல் நிற்கவில்லை, என்னோடு மாற்றலாகி வந்திருக்கிறது. உன் முழங்காலுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

பதினோரு அறைகள். முதல் நாள் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. உண்மையில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. மாடியில் ஆயர் வந்தால் தங்குவதற்கு ஓர் அறை. கட்டிலுக்கு நான்கு தூண்கள். இருமினேன். வீடு திருப்பி இருமியது.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நான். எனக்குப் பின்னால் சமையற்காரர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். "நானும் உட்கார்ந்துட்டா யாரு சாமி பரிமாறுறது?" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

இங்கே இருக்க முடியாது. கூட்டத்தில் பேசிய வாய் இந்தக் கட்டிலில் கொட்டாவி விடக் கூடாது.

கேட்டுக்குப் பக்கத்தில் கார் ஷெட் இருக்கிறது. இரும்பு ஷட்டர். சிமென்ட் தரை. பழைய டயர்கள், ஒரு மடக்குக் கட்டில், மற்றபடி காலி. காரை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன். சமையற்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு ஏழ்மையைப் பற்றி விளக்கினேன். வாயை மூடிக்கொண்டார்.

நேற்று முதல் ஷெட்டில். ஒரு மேசை, புத்தகங்கள், சிலுவையில் பாடுபட்ட சுரூபம். ஒரு மனிதனுக்கு எவ்வளவு குறைந்த சுவர் போதும் என்பதை இதுவரை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஜன்னல்களை எண்ணவில்லை. திரை வேண்டாம். ஷெட்டுக்கு ஜன்னலே கிடையாது.

வீட்டுக்காரரின் ஆன்மா இளைப்பாறட்டும்.

தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் வேண்டுதலைக் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளிப் போடு.

ஷெட் காலி என்கிறாய். மடக்குக் கட்டில் இருந்தது என்றும் எழுதுகிறாய். எனக்கு விளங்கவில்லை. காருக்கா கட்டில்?

எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். மே மாதத்துக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் வீடு பார்க்கப் போகிறேன். நல்ல பொழுதுபோக்கு. ஒரு வீட்டில் "தனியாவா இருப்பீங்க?" என்று கேட்டார்கள். தையல் மிஷின் கூட இருக்கும் என்றேன். "சத்தம் வருமே" என்றார்கள். தனியாக இருந்தாலும் குற்றம், துணையோடு இருந்தாலும் குற்றம். இன்னொரு வீட்டில், என்னைப் பார்க்க யார் யார் வருவார்கள் என்று விசாரித்தார்கள். தம்பி வருவான், குருவானவர், அந்தப் பெரிய கோவிலில் இருக்கிறான் என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப அவரோட பங்களாவுலயே இருந்துக்கலாமே?" என்றார். பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு அப்போது கையில் இல்லை. இருந்திருந்தால் அந்த வரியை வாசித்துக் காட்டியிருப்பேன்.

எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. மே எங்கேயோ இருக்கிறது.

சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதே. தும்மல் அதனால்தான்.

அக்கா


மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

இறையாசி. உடம்பு பரவாயில்லை. முதுகில் சிறிய பிடிப்பு, தவக்காலத்துக்குப் பொருத்தமானது.

நீ கேட்டது சரி. கட்டில் காருக்கானது அல்ல. டிரைவருக்கானது.

ஒரு புத்தகம் எடுக்க மாடிக்குப் போனேன். ஆயரின் கட்டில் விளிம்பில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், தரையில் வைத்தால் விரிப்பு அழுக்காகிவிடும் என்று. ஆறு வருடமாக ஷெட்டில்தான் படுத்தாராம். நான் அதை எடுத்துக்கொண்டதும் சமையற்காரர் அவரை மாடிக்கு அனுப்பியிருக்கிறார். ஏன் அந்த அறைக்கு என்று கேட்டேன். "வேற எந்த ரூமுலயும் விரிப்பு மாத்துறதில்ல சாமி. ஆயர் வருவாருன்னு அந்த ஒரு ரூமுக்குத்தான் வாராவாரம் மாத்துறோம்."

திரும்பக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். டிரைவர் ஆயரின் கட்டிலில். குரு கார் ஷெட்டில். அக்கா, இது நற்செய்தி அல்லாமல் வேறென்ன? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்படியே சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரைவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். பணிவு.

வீடு தேடுவதாக எழுதியிருக்கிறாய். நாம் எல்லாருமே இந்தப் பூமியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். இந்த எண்ணம் உனக்கு ஆறுதலாக இருக்கும்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நலம். நீ?

நாம் எல்லாரும் பூமியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்பதை வீட்டுக்காரர் மகனிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். மறுநாள் தண்ணீர்க் குழாயைக் கழற்றினார்.

அந்தக் கட்டிலில் டிரைவருக்குத் தூக்கம் வருகிறதா என்று அவரிடம் கேட்டாயா? உன் பிரசங்கத்துக்குப் பிறகு மற்ற டிரைவர்கள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் விசாரி. ஒரு ஊர் முழுக்கத் தன் தூக்கத்தைப் பற்றிப் பேசினால் நான் தலையை நிமிர்த்தவே மாட்டேன். அதைப் பணிவு என்று யாராவது சொன்னால் கத்தரிக்கோலை எடுப்பேன்.

இனிமேல் கடை முகவரிக்கு எழுது. வீட்டில் கதவைக் கழற்றிவிட்டார்கள். கடிதத்தை எதற்குக் கீழே தள்ளுவது என்று தெரியாமல் தபால்காரர் நிற்கிறார்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தவக்காலத்துக்கும் முதுகுக்கும் சம்பந்தம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

இறையாசி. தாமதத்துக்கு மன்னிப்பாய். எழுத நேரமில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஷெட்டைப் பார்க்க வருகிறார்கள். முதலில் எங்கள் கோவில் பங்கு மக்கள். பிறகு பக்கத்துப் பங்குகள். இப்போது பேருந்தில். அவர்கள் அன்பு எனக்குப் பாரமாக இருக்கிறது. சாமி சிமென்ட் தரையில் நடக்கிறாரே என்று ஒருவர் அழுதார், மறுநாள் தரைக்கு ஓடு பதித்தார். ஒருவர் மேற்கூரைக்குக் கீழே மரத்தில் தளம் அமைத்தார். குளிர்சாதனம் கொண்டுவந்தவர் ஒரு விதவை, அவரிடம் எப்படி மறுப்பது? ஷட்டர் தூக்கும் சத்தத்தில் சாமியின் தியானம் கலைகிறது என்று பங்குப் பேரவைத் தலைவர் இரும்பை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார். முழுக் கண்ணாடி. பக்கவாட்டில் இரண்டு ஜன்னல் வேறு. வெளியே நின்ற காருக்கு வெயில் படுகிறது என்று புதிதாக ஒரு ஷெட் கட்டுகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னேன். ஒவ்வொரு மறுப்புக்கும் மதிப்பு கூடியது.

டிரைவரிடம் விசாரித்தேன். மற்ற டிரைவர்கள் ஆயரைக் கூப்பிடுவதுபோல அவரை "ஆண்டவரே" என்று கூப்பிட்டு மோதிரத்தை முத்தமிடக் கை நீட்டச் சொல்கிறார்களாம். அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று மனைவியையும் இரண்டு பெண்களையும் ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்ளச் சொன்னேன். வந்துவிட்டார்கள். வீட்டில் இப்போது சத்தம் கேட்கிறது. ஷெட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஆயர் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். குளிர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "மூணு மாசமாப் பத்திரிகைக்காரன் எவன் வந்தாலும் உன் ஷெட்டைப் படம் எடுத்துட்டு, நேரா என் வீட்டைப் படம் எடுக்க வர்றான். ஜூலைக்குள்ள நீ வீட்டுக்குள்ள போ. இல்லன்னா அதை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுடறேன். ஒரு டிரைவர் குடும்பத்துக்குப் பதினோரு ரூமு எதுக்கு?" நான் ஏழ்மையைப் பற்றிச் சொன்னேன். வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஓர் உதவி. கண்ணாடிக் கதவு என்பதால் நான் தூங்குவதையும் சிலர் வந்து பார்க்கிறார்கள். திரை வேண்டும். கார் நுழையும் அகலம், என்னைவிட இரண்டு கை உயரம்.

கதவைக் கழற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் போலிருக்கிறது. நல்லது.

தம்பி


மே 4

தம்பிக்கு,

நலம்.

"கார் நுழையும் அகலம்" என்றால் எந்தக் கார்? அளவு அனுப்ப உனக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. கொஞ்சம் கூடவே வெட்டியிருக்கிறேன். அடர்ந்த சாம்பல் நிறம், உள்ளே விளக்கு எரிந்தாலும் தெரியாது. நன்றாகத் தூங்கு.

நீ வர வேண்டாம், உனக்குப் பேருந்துகள் வரும். டிரைவரை அனுப்பு. நேராகக் கடைக்கு வரச் சொல், வீட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்.

உன் ஷெட்டுக்கு இப்போது என் வீட்டைவிட இரண்டு ஜன்னல் அதிகம். என் வீட்டைவிட ஒரு கூரையும் அதிகம்.

அக்கா


மே 16

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

டிரைவர் எழுதும் வணக்கம். நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத் தைரியம் இல்லை.

நேராகக் கடைக்கு வரச் சொல்லித்தான் சாமி அனுப்பினார். நான் வண்டி ஓட்டுகிறவன், முதலில் வீட்டு முகவரிக்குப் போய் வழி பார்த்துக்கொள்வது என் பழக்கம். அங்கே வீடு இல்லை. இரண்டு சுவர் நின்றது. ஒரு சுவரில் உங்கள் காலண்டர் இன்னும் தொங்கியது.

பிறகு கடைக்கு வந்தேன். வெட்டு மேசைக்கு அடியில் சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்தேன். துணி போட்டுப் பார்க்கிற மறைப்புக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்தேன். நீங்களும் நான் பார்த்ததைப் பார்த்தீர்கள். சாமியிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினீர்கள்.

நான் மூச்சு விடவில்லை, அக்கா. ஆனால் ஊர் பார்க்க வேண்டும் என்று என் மனைவியும் வண்டியில் வந்திருந்தாள். திரையை மடித்துக் கையில் வாங்கியவள் அவள்தான். அவளிடம் நீங்கள் சத்தியம் வாங்கவில்லை.

இன்று காலை சாமி திரையை மாட்டிவிட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார். இவள் போய் நின்றாள். "உங்க அக்கா தைக்கிற மேசைக்கு அடியிலதான் படுக்கிறாங்க சாமி. வீடு இடிஞ்சு போச்சு. இந்தத் திரையையும் அந்த மேசையிலதான் வெட்டுனாங்க" என்றாள். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சாமி திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தும்மினார். பிறகு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். நீங்கள் சொன்னது சரி, வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

என்னை மன்னிக்க வேண்டும். இவளை மன்னிக்க வேண்டியதில்லை, இவளுக்கு வருத்தமே இல்லை.

இப்படிக்கு,
டிரைவர்


மே 18

அக்கா,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நீ ஏன் எழுதவில்லை என்று முதலில் கோபம். பிறகு உன் கடிதங்களை எடுத்தேன். எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறாய். அளவு நாடா. குழாய். கதவு. கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது யாராவது இருமினால் எப்படிக் கடந்து போவேனோ அப்படிக் கடந்து போயிருக்கிறேன்.

சத்திரம் அல்ல என்ற அந்த வரி. அதை எழுதும்போது மற்ற குருக்களின் அண்ணன்களையும் மைத்துனர்களையும் நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை. உன்னை உறவினர் என்று நான் நினைத்ததே இல்லை. நீ அக்கா.

வா. உடனே வா. ஆயர் வைத்த கெடுவும் நெருங்குகிறது. ஷெட்டை விடுவது எனக்கு எளிதல்ல. அதனால் எத்தனை பேர் மனம் திரும்பியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. இருந்தாலும் உனக்காக அதைத் துறந்து வீட்டுக்குள் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மக்களிடம் சொல்ல வேண்டியதும் மனத்தில் உருவாகிவிட்டது: கூரையிழந்த ஒரு சகோதரி, கண் திறந்த ஒரு சகோதரன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

டிரைவரை என்றைக்கு அனுப்பட்டும்?

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

முழங்கால் நலம். முதுகைக் கவனி.

வர மாட்டேன்.

பிரசங்கத்தில் என்னைச் சேர்க்காதே. பெயர் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. உனக்கு எத்தனை அக்கா இருக்கிறார்கள்?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஆயர் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டார். போவதற்கு உனக்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. நான் கிடைத்தேன். முதலில் ஷெட் கிடைத்தது, பிறகு டிரைவர் கிடைத்தார். எது கிடைத்தாலும் அதில் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாய். சின்ன வயதில் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பாயே, அந்த நிற்பு இன்னும் போகவில்லை. நான் உனக்கு இன்னொரு ஷெட் ஆக மாட்டேன்.

வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெட்டு மேசை நல்ல மேசை. மழை வந்தாலும் அதற்கு அடியில் ஒழுகாது.

எனக்குக் கோபம் இல்லை.

கொஞ்சம் இருக்கிறது.

அக்கா


ஜூலை 9

அன்பான அக்காவுக்கு,

டிரைவர் மனைவி எழுதுவது. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் கால் வலிக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சாமி உங்களுக்கு எழுதவில்லை என்று தெரியும். ஏன் என்று கேட்டேன். "எழுத உட்கார்ந்தா பிரசங்கமா வருதும்மா" என்றார். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்று வாரம் சாமி பேருந்தில் வந்தவர்களைப் பார்க்கவில்லை. நீங்கள் தைத்த திரைக்குப் பின்னால் இருந்தார். பிறகு ஒருநாள் தலையணையையும் பாடுபட்ட சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, எந்த ரூமில் யாரும் இல்லை என்று என்னிடம் கேட்டார். ஆயர் ரூமைக் காட்டினேன், நாங்கள் வந்த பிறகு அது காலிதான். என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட அந்தக் கட்டிலில் தூங்கவில்லை, கீழே தரையில்தான் படுத்தார், அதை யாரும் கேட்கவே இல்லை. இப்போது அவர் ஷெட்டுக்கே திரும்பிவிட்டார். ஓடு, கண்ணாடி, குளிர்சாதனம், எல்லாம் அப்படியே இருக்கிறது. மற்ற டிரைவர்கள் சாயங்காலம் அங்கேதான் கூடுகிறார்கள். கிண்டல் நின்றுவிட்டது, பொறாமை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாமி என்ன சொல்லப் போகிறாரோ என்று கோவில் நிரம்பி வழிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஷெட்டை விட்டு வீட்டுக்குப் போயிட்டேன். முதுகு வலிக்குது. ஆயரும் திட்டினார். வேற பெரிய காரணம் எதுவும் இல்ல." சொல்லிவிட்டுப் பூசையின் அடுத்த ஜெபத்துக்கு, விசுவாச அறிக்கைக்குப் போய்விட்டார். ஒரு அம்மா சிரித்தார். அப்புறம் கோவிலே சிரித்தது. சாமிக்குக் காது சிவந்துவிட்டது.

பேருந்துகள் நின்றுவிட்டன. ஆனால் பங்கு ஜனங்கள் இப்போதுதான் வருகிறார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளை சொல் கேட்காதது, குடி. அந்த ஷெட்டுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது என்கிறார்கள். முதுகு வலிக்கிறவரிடம் சொல்லலாமாம்.

இப்போது என் விஷயம். நானும் என் பெண்களும் சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு ரூமில் இருக்கிறோம். மறைமாவட்டத்துப் பொருளாளர் வந்து பார்த்துவிட்டு, "சாமியார் இருக்கிற வீட்டுல டிரைவர் சம்சாரத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டுப் போயிருக்கிறார். சாமியின் அக்கா அந்த வீட்டில் இருந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். நீங்கள் வராவிட்டால் நான் என் மாமியாரிடம் திரும்பிப் போக வேண்டும். என் மாமியாரை உங்களுக்குத் தெரியாது. அவர் பெற்ற மகனுக்குத் தெரியும், அவரும் எழுதச் சொன்னார்.

இது உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை. முழுக்க என் சுயநலம். தெருப் பக்கம் ஒரு ரூம் இருக்கிறது, தனி வாசல். மிஷின் போட வெளிச்சம் போதும். சாமிக்கு நான் எழுதுவது தெரியாது.

பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை மாதிரி


ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம். உன் முதுகைப் பற்றி ஊரே பேசுகிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது, இனி நான் விசாரிக்க வேண்டியதில்லை.

டிரைவர் மனைவி எழுதியிருந்தாள். அவளுக்கு நான் வேண்டுமாம். எதற்கு என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். வருகிறேன். தெருப் பக்கத்து அறைக்கு வாடகையைப் பங்குப் பேரவையிடம் கொடுப்பேன், ரசீது வேண்டும். பொருளாளர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன், நீ விளக்காதே.

நீ கூட்டத்தில் பேசியது தப்பில்லை. அந்த வீடு ஒருவருக்குப் பெரிதுதான். ஆனால் நீ ஒருவன் வெளியே போய்ப் படுத்ததால் அது ஒரு அங்குலம்கூடச் சிறியதாகவில்லை.

சனிக்கிழமை காலை டிரைவரை அனுப்பு. நீ வர வேண்டாம். முன்சீட்டில் நான், பின்சீட்டில் தையல் மிஷின், அதன் மேல் துணி மூட்டை. உனக்கு இடம் இல்லை.

மிஷினை இறக்க ஆள் வேண்டும். அங்கியை மாற்றிக்கொண்டு வாசலில் நில். குனியாதே, முதுகை நேராக வைத்துத் தூக்கு.

அக்கா